ஆளோடு போன தொழில்: ஷார்லெருவா கண்ணாடிக்காரர்கள்

ஜன்னலில் பொருத்தும் தட்டைக் கண்ணாடி 19ஆம் நூற்றாண்டு முழுவதும் வாயால் ஊதிச் செய்யப்பட்டது. இதில் பேர்போனது பெல்ஜியத்தின் ஷார்லெருவா வட்டாரம்.

மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உலையில் உருகிக் குழம்பாகும். ஒருவர் நீண்ட இரும்புக் குழலின் நுனியில் அதைச் சுருட்டி எடுப்பார். ஊதுபவர் அதை வாங்கி ஊதுவார்; பள்ளத்தின் மேல் நின்று ஊசலாட்டுவார். தன் எடையாலேயே குழம்பு கீழே நீண்டு, ஆளுயர உருளையாகும். இரு முனைகளையும் நீக்கி, நெடுக்காகக் கீறி, வேறொரு சூளையில் மீண்டும் சூடேற்றினால் உருளை விரியும். கழியில் பொருத்திய மரக்கட்டையால் அதைத் தேய்த்துத் தட்டையாக்குவார்கள்.

எப்போது ஊதுவது, எவ்வளவு வேகமாக ஆட்டுவது என்பதெல்லாம் கைப்பழக்கம். அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த வித்தை அது. ஆகவே, இத்தொழில் இன்னோர் ஊரில் வேரூன்ற அந்தக் குடும்பங்களே அங்கே போக வேண்டியிருந்தது.

போகும் காலமும் வந்தது. 1886 மார்ச்சில் பெல்ஜியத் தொழிலாளர் கொந்தளித்தனர். குழம்பை இடைவிடாமல் உருக்கித் தரும் புதிய தொட்டி உலைகளால் பிழைப்புக்கு அஞ்சியவர்கள் ஷார்லெருவாவை அடுத்த ஜுமேயில் இருந்த போதூ கண்ணாடி ஆலையைக் கொளுத்தினர். தொழிற்சங்கத் தலைவர்கள் சிறை சென்றனர். அதே காலத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மலிவான இயற்கை எரிவாயு கிடைத்தது, கூலியும் கூடுதல். பெல்ஜியக் கண்ணாடிக்காரக் குடும்பங்கள் கப்பலேறின. அங்கே 1888இல் ஜெனெட், 1890இல் ஷார்லெருவா என ஆலை நகரங்கள் எழுந்தன. இரண்டாவது ஊர் தாய்மண்ணின் பெயரையே சூடிக்கொண்டது. அமெரிக்கக் கண்ணாடித் தொழிலாளர் சங்கமும், தொழில் பழக உறுப்பினர்களின் மகன்களையும் சகோதரர்களையுமே அனுமதித்து வித்தையைக் குடும்பத்துக்குள் காத்தது.

ஆனால், 1903 வாக்கில் அமெரிக்காவில் ஜான் லபர்ஸின் இயந்திரம் அழுத்தக் காற்றை ஊதியபடியே பிரம்மாண்ட உருளைகளை இழுத்தது. ஊதுபவரின் நுரையீரலுக்கு வேலை போயிற்று. அடுத்து எமில் ஃபூர்கோ, உருளையே தேவையின்றிக் குழம்பிலிருந்து நேராகத் தகடாக இழுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவரும் ஷார்லெருவா வட்டாரத்துக்காரரே! அவருடைய முறை உரிமங்களின் வழியே பல நாடுகளுக்குப் பரவியது. 1920களின் முடிவில் அமெரிக்காவில் ஊதிச் செய்யும் ஜன்னல் கண்ணாடி அநேகமாக மறைந்துவிட்டது.

பெல்ஜிய ஷார்லெருவாவின் கண்ணாடி அருங்காட்சியகம் இம்மரபைக் காத்து வருகிறது. ஆனால், கருவிகளை மட்டும் காத்தால் போதாது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாழ்க்கையையும் பதிந்து வைத்தால்தான் இத்தொழிலின் வரலாறு நிறைவு பெறும். தொழிலை அவர்களே சுமந்து சென்றார்கள்.