சத்திரசிகிச்சை முன்னுரிமையும் சமூக நிலையும்

2020ஆம் ஆண்டு மார்ச் 17ஆந் திகதி இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒத்திவைக்குமாறு தன் வைத்தியசாலைகளைப் பணித்தது. கொவிட் நோயாளர்க்குக் கட்டில்களும் சுவாச இயந்திரங்களும் வேண்டப்பட்டன. ஒத்திவைக்கப்பட்டவை ஆங்கில மருத்துவ வழக்கிலே 'தெரிவுச் சத்திரசிகிச்சை' எனப்படுவன. சொல்லாராய்ச்சியில் ஈடுபடும் எமக்கு இத்தொடர் உறுத்தலாகவே உள்ளது. புற்றுநோய்க் கட்டியை அகற்றுவதும் இதனுள் அடங்கக்கூடும். திகதி முன்கூட்டியே குறிக்கப்படுகின்றது என்பதன்றி நோயாளியின் தெரிவு இதில் யாதுமில்லை.

எதனை முதலிற் செய்வது? பிரித்தானிய றோயல் சத்திரசிகிச்சைக் கல்லூரிகள் காலத்தையே அளவுகோலாகக் கொண்டன. 24 மணித்தியாலத்துள், 72 மணித்தியாலத்துள், நான்கு வாரத்துள், மூன்று மாதத்துள் செய்யவேண்டியவை எனவும், அதற்கு மேலும் தாமதிக்கத்தக்கவை எனவும் அவை வகுத்தன. மூட்டு மாற்றங்கள் பெரும்பாலும் இறுதிப் படியிலே வீழ்ந்தன.

சிக்காகோப் பல்கலைக்கழகச் சத்திரசிகிச்சையாளர் அதே ஆண்டில் வகுத்த முறை இதனினும் நுணுக்கமானது. சிகிச்சை பற்றி ஏழு, நோய் பற்றி ஆறு, நோயாளி பற்றி எட்டு என 21 காரணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. கூட்டுத்தொகை 21க்கும் 105க்கும் இடையே அமையும். அது உயருமளவுக்குச் சிகிச்சை பிற்போடப்படும். இத்தகைய அட்டவணைகளை இதயமற்ற எண்கணிதம் எனப் பழிப்பாருளர். அப்பழிப்பு எமக்கு உடன்பாடன்று. அட்டவணை இல்லாதவிடத்துச் செல்வாக்குள்ளவனின் தொலைபேசி அழைப்பே முன்னுரிமையைத் தீர்மானித்துவிடக்கூடும்.

எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. நீரிழிவும் இருதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் இம்முறையிலே புள்ளியை உயர்த்துவன. மருத்துவ நோக்கில் இது நியாயமே. சத்திரசிகிச்சையை ஒட்டி கொவிட் தொற்றுக்குள்ளான 1,128 பேரை 24 நாடுகளில் ஆராய்ந்தபோது, 23.8 வீதத்தினர் முப்பது நாட்களுள் இறந்திருந்தனர். ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் மேற்கூறிய நோய்கள் வறியோரிடையேயும் கறுப்பின மக்களிடையேயும் மிகுதி. அப்பல்கலைக்கழக வைத்தியசாலை அமைந்திருப்பதோ அம்மக்கள் செறிந்து வாழும் சிக்காகோவின் தென்பகுதியில். தலைமுறைகளாகச் சேர்ந்த சமூகத் தீங்கு ஈண்டு தனியொருவரின் உடற்குறைபாடாகவே கணக்கில் ஏறுகின்றது. நோயாளி நிற்கும் தொழில் செய்பவரா, வேலையிழந்தால் ஊதியம் உண்டா என்ற வினாக்கள் அந்த 21இல் இடம்பெறவில்லை.

இன்னும் அடிப்படையானது, அட்டவணை பற்றாக்குறையை இயற்கையானதாக எடுத்துக்கொள்வதாகும். இங்கிலாந்தின் பொது வைத்தியசாலைக் கட்டில்கள் 1987/88இல் ஏறத்தாழ 299,000; 2019/20இல் 141,000. ஒருநாட் சிகிச்சையின் வளர்ச்சி இதற்கு ஒருபகுதிக் காரணமே. தொற்றுக்கு முன்னரே நாற்பது இலட்சத்துக்கு மேலாயிருந்த காத்திருப்புப் பட்டியல் 2022இல் எழுபது இலட்சத்தைக் கடந்தது. காத்திருக்க விரும்பாதோர்க்கு வேறு வழியும் இருந்தது. 2021இல் சொந்தப் பணஞ் செலுத்தித் தனியார் வைத்தியசாலைகளில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டோர் தொகை 2019இலும் பெரிதும் உயர்ந்தது. இறுதிப் படி அவர்களைத் தடுக்கவில்லை.