கோணல் கோட்டுக்கு ஒரு குரு

எல்லையோர வாசிப்பு – 14

“ஒன்பதாவது படிக்கிற மக கார்ட்டூன்தான் வரைவேன்னு நிக்கிறா. கோயமுத்தூர்ல கடை கடையா ஏறி இறங்கி நாலஞ்சு புஸ்தகம் பார்த்தோம். எல்லாமே ஒரே மாதிரி இருக்குது. எதை எடுக்கிறதுங்க?” கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கார்ட்டூனுக்குப் பேர்போன மாவட்டத்திலிருந்து வந்த கேள்வி. ஒற்றப்பாலத்துக் குட்டி, ‘கசாக்கின் இதிகாசம்’ எழுதிய ஓ.வி. விஜயன், இன்றைக்கும் வரைந்துகொண்டிருக்கும் இ.பி. உண்ணி என்று மூன்று பெரிய கைகள் பாலக்காட்டுக்காரர்கள். விஜயன் கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம், உண்ணி படித்தது இயற்பியல். குட்டி தில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கரிடம் நேரடியாகத் தொழில் பழகியவர். அந்தச் சங்கரோ, 1932இல் ‘ஹிந்துஸ்தான் டைம்ஸ்’ வேலையில் சேர்ந்து பேரெடுத்த பிறகுதான் லண்டனுக்குப் போய் ஓவியம் படித்தார்.

அப்படியானால் புத்தகம் எதற்கு? பக்கத்தில் ஒரு சங்கர் இல்லாதவர்களுக்கு! கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைக்கு, கோட்டைத் திருத்திக் கொடுக்க ஆள் கிடைப்பது அபூர்வம். அந்த ஆளின் வேலையில் கால்வாசியைத்தான் புத்தகம் செய்யும்.

கடையில் நின்றபடியே ஒரு சோதனை செய்யலாம். கைவிரல் வரையச் சொல்லித்தரும் பக்கத்தைப் புரட்டுங்கள். முதல் கட்டத்தில் ஒரு வட்டம், இரண்டாவதில் நாலு கோடு, மூன்றாவதில் நகமும் நிழலுமாக முழுக் கை வந்து நின்றால் அந்தப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நடந்ததுதான் பாடம். அதை மறைத்துவிட்டு என்ன சொல்லித்தருவது? சந்தையில் பாதிப் புத்தகங்கள் இந்த ரகம்.

நடுவில் நடப்பதைக் காட்டும் புத்தகம் ஆண்ட்ரூ லூமிஸின் ‘ஃபன் வித் எ பென்சில்’. 1939இல் வந்தது, மறுபதிப்பு கிடைக்கிறது. ஒரு பந்து போடு, அதில் மூக்குக்கு ஒரு உருண்டை, கன்னத்துக்கு இரண்டு, தாடைக்கு ஒன்று ஒட்டு, பிறகு வேண்டாத கோட்டை அழி என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். மொழி ஆங்கிலம்தான், ஆனாலும் படத்தைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துவிடும். பிரெஸ்டன் பிளேயரின் அனிமேஷன் புத்தகமும் நல்லதே. ‘ஃபேன்டேஷியா’ படத்தில் நீர்யானைகளை ஆடவைத்தவர்களில் ஒருவர் அவர். ஆனால் அவர் சொல்லித்தருவது ஓடி ஆடும் பொம்மைகளை. பத்திரிகைக் கார்ட்டூன்தான் குறி என்றால் அது இரண்டாம் பட்சம்.

என் ஓட்டு ஐவன் புருனெட்டியின் ‘கார்ட்டூனிங்’ என்ற ஒல்லிப் புத்தகத்துக்கு. பளபளப்பு கிடையாது. ஒரே படத்தை முதலில் சில நிமிடம் எடுத்து வரை, அடுத்து இரண்டு நிமிடம், ஒரு நிமிடம் என்று குறைத்துக்கொண்டே போய், ஐந்து விநாடியில் முடி என்கிறது. ஐந்து விநாடியில் ஜன்னல், நிழல், அலங்காரம் எல்லாம் உதிர்ந்துபோகும். உதிராமல் மிச்சமிருப்பது எதுவோ அதுதான் கார்ட்டூன். இந்தப் பயிற்சிக்கு ரஃப் நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் போதும். விலை உயர்ந்த நிப்பெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் உண்டு. இந்தப் புத்தகங்களில் வரும் ஆண்கள் தொப்பியும் கோட்டும் போட்டவர்கள். அதையே பார்த்து வரையும் பிள்ளை, நம்மூர் டீக்கடைக்காரருக்கும் கோட்டு மாட்டிவிடும். வேட்டியை மடித்துக் கட்டினால் முடிச்சு எங்கே நிற்கும், முழங்காலுக்கு மேல் துணி எப்படிச் சுருங்கும் என்று எந்த அமெரிக்கப் புத்தகமும் காட்டாது. மூணாறில் கொழுந்து எடுக்கும் பெண் இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு சரிவில் நிற்கும்போது எந்தக் காலில் பாரம் இறங்குகிறது? அதை அங்கேயே நின்று பார்த்துத்தான் வரைய வேண்டும். கொழிஞ்சாம்பாறை பேருந்து நிலையம் இதற்கு அருமையான இடம். யாரும் அசையாமல் நிற்க மாட்டார்கள். ஐந்து விநாடிப் பயிற்சி அங்கேதான் கைகொடுக்கும்.

ஆகவே இரண்டு புத்தகமாக வாங்குங்கள். இரண்டாவது, பாடப் புத்தகமாக இல்லாமல் நல்ல கார்ட்டூனிஸ்ட் ஒருவரின் தொகுப்பாக இருக்கட்டும். மகளுக்கு மலையாளம் வாசிக்க வருமென்றால் விஜயனின் ‘இத்திரி நேரம்போக்கு, இத்திரி தர்சனம்’. தமிழில் மதனின் ஜோக்ஸ் தொகுப்பு. அதில் வரும் ரெட்டைவால் ரெங்குடுவின் குறும்புக்கு எத்தனை கோடு செலவாகிறது என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் எழுத்தை மறைத்துவிட்டு, படம் மட்டும் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். குட்டி வங்க மொழி தெரியாமலேயே வங்காளப் பத்திரிகைகளில் பல ஆண்டுகள் வரைந்து வாசகர்களைச் சிரிக்கவைத்தவர் என்பதையும் சொல்லிவையுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தஸ்ராக்குக்கும் கூட்டிப்போங்கள், பக்கம்தான். ஓராசிரியர் பள்ளியில் தங்கை வேலை பார்த்தபோது விஜயன் வந்து தங்கிய ஊர். அங்கே அவர் நினைவகத்தில் கார்ட்டூன்களும் வைத்திருக்கிறார்கள். போகும்போது ரஃப் நோட்டு மறக்க வேண்டாம்.

(அடுத்த வாரம்: தமிழ் மீடியப் பிள்ளைகளும் மலையாள அகராதியும்)