குயில்குடிக் குன்றும் நிக்கொதேமுவின் கேள்வியும்

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்துள்ள கீழக்குயில்குடிக்கு இறையியல் மாணவரை அழைத்துச் செல்வது எனது வழக்கம். தாமரைக் குளத்தையும் அய்யனார் கோயிலையும் கடந்து சமணர் மலையில் ஏறினால், பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். மலையின் மற்றொரு பக்கத்தில், செட்டிப்புடவு என்னும் குகையருகே, அமர்ந்த நிலையில் ஒரு பெரிய திருவுருவம் உண்டு. ஊரார் அதனைச் செட்டியார் என்றே அழைப்பர். ஒருமுறை மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, சமணர் எண்ணாயிரவரும் கழுவேறினர் என்கிறார்களே, பின் இவற்றைச் செதுக்கியவர் யார்?" அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

1. ஒருபக்கச் சாட்சி

கழுவேற்றத்தை விரித்துரைப்பது 12-ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம். அது கூறும் வாதமோ 7-ஆம் நூற்றாண்டினது. இம்மலையின் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுக்களும் 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவை சமணப் பள்ளியையும், அதன் ஆசிரியரையும், மாணாக்கரையும் குறிப்பிடுகின்றன. வேரற்றுப் போனதாகக் கருதப்பட்டவர்கள் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் பாண்டிய நாட்டில் பாடம் சொல்லிக் கொண்டிருந்தனர். வாதத்தைப் பற்றிய வென்றவர் கூற்று நம்மிடம் உண்டு. தோற்றவர் கூற்று இல்லை.

ஆயினும் சமணரை மட்டும் குற்றமற்றவராக்குதல் நேர்மையன்று. ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு. ஆகவே எக்கூற்றும் ஒரு நோக்கில் மட்டுமே மெய்யாகும் என்று அநேகாந்தவாதத்தைப் போதித்தவர்கள் அவர்கள். பௌத்த நூலாகிய குண்டலகேசியை மறுத்தெழுந்த அவர்களது நீலகேசி நமக்குக் கிடைத்துள்ளது. குண்டலகேசியோ சில பாடல்கள் நீங்கலாக மறைந்துவிட்டது. உயர்ந்த கோட்பாடு ஒன்றை உடையவராயிருப்பது வேறு. மாற்றாரை அவர் வாய்மொழியாலேயே அறிவது வேறு.

இதே ஊர் பிற்காலத்தில் மற்றோர் ஒருபக்கச் சாட்சிக்கும் இலக்காயிற்று. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர் மீது சுமத்தப்பட்டபோது, இவ்வூர் மக்களும் அதற்குள் அகப்பட்டனர். காவல்துறையின் பதிவேடு ஒரு சமூகம் முழுவதையும் பிறப்பினாலேயே குற்றவாளியாக்கிற்று. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். கேளாமல் எழுதப்பட்ட தீர்ப்பு உயிர்களைக் குடிக்கவும் வல்லது.

2. நம் காலத்துப் பதிவேடுகள்

தமிழகத்தில் கட்சிக்கு ஓர் ஏடு என்பது புதிதன்று. 1942-இல் தோன்றிய முரசொலியும், மதுரையில் வேரூன்றிய தீக்கதிரும் தம் சார்பை மறைத்ததில்லை. எளிய மக்கள் பலரைப் படிக்கப் பழக்கிய பெருமையும் கட்சி ஏடுகளுக்கு உண்டு. ஆனால் தேநீர்க் கடை விசிப்பலகையில் மாறுபட்ட ஏடுகள் அருகருகே கிடந்தன. ஒருவர் உரக்கப் படிக்க, மறுப்பவரும் அருகிலிருந்து கேட்டார். 1993-இல் சன், 1999-இல் ஜெயா, 2007-இல் கலைஞர் எனத் தொலைக்காட்சிகள் எழுந்தபின், அவ்வவ் வீட்டார் தத்தமக்கு உகந்த செய்தியைத் தத்தம் கூடத்திலேயே கேட்கலாயினர். இன்று கைபேசி அக்கூடத்தையும் சுருக்கிவிட்டது. நாம் எதன்மீது சற்று அதிகம் தங்குகிறோமோ, அதனையொத்தவற்றையே அது மேன்மேலும் நம்முன் வைக்கிறது. ஒரே திருவிருந்தில் பங்குபெறும் இருவர், நாட்டு நடப்பைப் பொறுத்தமட்டில் இரு வேறு உலகங்களில் வாழ்கின்றனர். ஒருவர் மற்றவரைப் பற்றி அறிந்ததெல்லாம் அவருடைய எதிரிகள் சொன்னதே.

3. நிக்கொதேமுவின் கேள்வி

யோவான் 7:45-52-இல் இந்நிலையைத் தெளிவாகக் காண்கிறோம். இயேசுவைக் குறித்து ஆலோசனைச் சங்கத்தார் முன்னரே முடிவு செய்துவிட்டனர். அவர்களுள் ஒருவராகிய நிக்கொதேமு, ஒருவனை முதலில் கேட்டறியாமல் தீர்ப்பிட நம் சட்டம் இடங்கொடுக்கிறதா என்று வினவுகிறார். அவருக்குக் கிடைத்தது விடையன்று, முத்திரை. நீரும் கலிலேயனோ என்கின்றனர். கலிலேயாவிலிருந்து தீர்க்கதரிசி எழும்புவதில்லை என்று வேதத்தையும் சாட்சிக்கு அழைக்கின்றனர். ஆனால் காத்தேப்பேர் ஊரானாகிய யோனா கலிலேய நாட்டவனே (2 இராஜா. 14:25). வேதத்தில் வல்லவர்களே தம் வேதத்தை மறந்தனர்! இது ஓர் இனத்தின் குறையன்று. தன் குரலை மட்டும் கேட்டுப் பழகிய எந்த அணிக்கும், நம் சபைச் சங்கங்களுக்கும், நேரக்கூடிய குறை.

நிக்கொதேமு தம் சங்கத்தை விட்டு வெளியேறவில்லை; தமக்குக் கருத்தே இல்லை என்றும் கூறவில்லை. கேட்பது தீர்ப்புக்கு முந்தியது என்பதே அவர் வாதம். திறந்த மனம் என்பது கதவேயில்லாத வீடன்று. சாதிக் கொடுமை நிகழ்ந்த சேரியில் இருபுறமும் நியாயம் உண்டு எனக் கூறி நழுவுபவர் திறந்த மனத்தினர் அல்லர். அவர் பாதிக்கப்பட்டவரையே கேளாதவர். கேட்டறிந்தபின் தீர்ப்புக் கூறியே ஆகவேண்டிய வேளைகள் உண்டு.

4. ஆயரின் கடமை

நம் மரபிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழரின் சமயத்தை அவர்களுடைய நூல்களிலிருந்தும், அவர்கள் எழுதிய கடிதங்களிலிருந்தும் கற்று, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு நூல் எழுதினார். ஹாலேயிலிருந்த தலைவர்கள் அதை அச்சிடவில்லை. 1867-இல்தான் சென்னையில் அது அச்சேறியது. செவிகொடுத்த ஊழியரின் சொல்லைத் திருச்சபையே ஒன்றரை நூற்றாண்டு கேளாதிருந்தது.

ஆகவே உடன் ஊழியருக்கு மூன்று காரியங்களை முன்வைக்கிறேன். முதலாவது, அருளுரையில் ஒரு கட்சியின் அல்லது சமயத்தின் கருத்தைக் குறிப்பிடுமுன், அக்கருத்துடையவர் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்து, 'ஆம், நான் சொல்வது இதுவே' என்று ஒப்புவாரா எனச் சோதிப்போம். இரண்டாவது, நமக்கு உவப்பில்லாத ஏடு ஒன்றை வாரந்தோறும் படிப்போம். மூன்றாவது, பிறரைப் பழிக்கும் செய்தி கைபேசியில் வரும்போது, அதனால் பழிக்கப்பட்டவரை அறிந்த ஒருவரையேனும் கேளாமல் பிறருக்கு அனுப்பாதிருப்போம்.

நிக்கொதேமுவின் கேள்வி அன்று சங்கத்தின் தீர்மானத்தை மாற்றவில்லை. ஆனால் அக்கேள்வியைக் கேட்டவரே பின்னொரு நாள், சீடர் பலர் சிதறியிருந்த வேளையில், வெள்ளைப்போளமும் கரியபோளமும் சுமந்து ஆண்டவரின் உடலை அடக்கம் செய்ய வந்தார். நம் மாணவர் குயில்குடிக் குன்றில் கேட்ட கேள்வியை நாமும் நம் சபைகளில் கேட்கப் பழகுவோமாக.