எழுபது வளைவுகளுக்கு மேலே ஒரு வீட்டுப்பாடம்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அங்கே ஒரு பிள்ளைக்குத் தமிழ்ப் பாடத்தில் சந்தேகம் வந்தால் தாத்தாவிடம்கூடக் கேட்டுக்கொள்ளலாம். மலையாளி என்பது அங்கே வாழும் பழங்குடியின் பெயர்தான். அவர்கள் பேசுவது தமிழ். ஆங்கிலம் என்றால்தான் சிக்கல். மிளகும் மரவள்ளியும் பயிரிடும் வீடுகள் பலவற்றில் அந்தப் பிள்ளையே முதல் தலைமுறைப் படிப்பாளி. ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு உதவ வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்த இடைவெளி மலையில் மட்டும் உள்ளதல்ல. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது மாநிலம் முழுக்கவே அது பட்டவர்த்தனமானது. 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள் மாலை 5 மணிக்கு மேல், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுடன் உட்கார்ந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தெருவிலுள்ள படித்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்ததுதான் அதன் உண்மையான பலம் என்று தோன்றுகிறது. தப்பாக வாசித்தாலும் அக்காவிடம் பிள்ளை கூச்சப்படாது.

அடுத்த ஆண்டு அரசுப் பள்ளிகளுக்கு இன்னொன்றும் வந்தது: மாதந்தோறும் சிறார் திரைப்படம். திரையிட்ட படங்களில் ஒன்று ‘தி ரெட் பலூன்’. ஆல்பர்ட் லமோரிஸ் 1956-இல் எடுத்த 34 நிமிடப் பிரெஞ்சுப் படம். பாரிஸ் தெருக்களில் ஒரு சிறுவனும் அவனைப் பின்தொடரும் சிவப்பு பலூனும். வசனம் மிகக் குறைவு.

வசனம் குறைவாக இருப்பதே ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு நல்ல வாய்ப்பு. பையன் ஓடுகிறான், பலூன் காத்திருக்கிறது: பார்த்ததை ஐந்து எளிய வாக்கியங்களாக எழுதச் சொல்லலாம். கேமரா எங்கே நின்றது, யார் கண்ணால் பார்க்கிறோம் என்று கேட்டால் அங்கேயே ஊடகப் பாடமும் தொடங்கிவிடும்.

கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் 2018-இலேயே இந்த வழியில் போனது. வாட்ஸ்அப்பில் வரும் பொய்ச் செய்தியை அடையாளம் காண, சுமார் 150 அரசுப் பள்ளிகளில் வகுப்பெடுத்தார்கள். கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு இதற்கான பாடப்பொருள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் எடுத்துப் போடும் வீடியோக்களில் வளைவுகளும் ஆகாய கங்கை அருவியும் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் எது விடுபட்டிருக்கிறது? இந்தக் கேள்விக்கு நகரத்து மாணவரைவிட மலைப் பிள்ளையே நன்றாகப் பதில் எழுதும். சரிவில் நிற்கும் சாமைக் காடு, பள்ளிக்கு நடக்கும் தூரம் எல்லாம் அதற்குத் தெரியும்.

ஆங்கில வீட்டுப்பாடத்தில் பெற்றோரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. தினைக்கு ஆங்கிலத்தில் ‘ஃபாக்ஸ்டெயில் மில்லட்’ என்று பெயர். ‘ஃபாக்ஸ்டெயில்’ என்றால் நரிவால். இந்தச் சொல்லை அம்மாவால் வாசிக்க முடியாமல் இருக்கலாம். முற்றி வளைந்த ஒரு தினைக் கதிரைக் காட்டிலிருந்து பறித்து வந்து, பிள்ளையின் நோட்டு மேல் வைக்க அவரால் முடியும்.