முற்றா, எச்சமா? ஆதியாகமத்தின் முதலிரு வசனங்கள்

பைபிளின் முதல் நூலைப் புரொட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள் ஆதியாகமம் என்பர். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அதன் பெயர் தொடக்கநூல். தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் நம் அயலவர் வீடுகளில் இவ்விரண்டும் இருக்கின்றன. அந்நூலின் முதலிரு வசனங்களைப் பிடித்துக்கொண்டு நம்மவர்கள் வாதம் பண்ணுவதும் புதிதல்ல. "தண்ணி முந்தியே இருந்ததாம், அப்ப அத யாரு படைச்ச?" என்பார் ஒருவர். "மொதப் பக்கத்திலயே ரெண்டாவது கடவுள் வந்திட்டாரே" என்பார் இன்னொருவர்.

இவ்விரு கேள்விகளும் எபிரேய மூலத்தைப் பார்த்துக் கேட்கப்படுபவை அல்ல, தமிழ் மொழிபெயர்ப்பைப் பார்த்துக் கேட்கப்படுபவை. தமிழ் படிப்பிக்கிறவன் என்ற வகையில் அந்தத் தமிழை மட்டும் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன்.

பைபிளின் தமிழ் ஒரே நாளில் வந்ததல்ல. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பேர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சானது. அதில் அவருக்குத் துணை நின்றவர் சைவரான ஆறுமுக நாவலர். பின்னர் ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்ட பைபிள் 1871இல் வந்தது. புரொட்டஸ்தாந்தர் இன்றும் வாசிப்பது பெரும்பாலும் அதைத்தான். திருவிவிலியம் 1995இல் வெளியானது.

இப்போது முதல் வசனத்தைப் பாருங்கள். பவர் மொழிபெயர்ப்பில் அது 'சிருஷ்டித்தார்' என்று வினைமுற்றில் முடிகிறது. வாக்கியம் அங்கேயே நிறைவடைகிறது. திருவிவிலியத்தில் அதே வசனம் 'படைத்தபொழுது' என்று நின்று, அடுத்த வசனத்தோடு சேர்ந்துதான் முடிகிறது. முற்றாக வாசித்தால், இறைவன் எல்லாவற்றையும் படைத்தான் என்ற அறிவிப்பு முதலில் வருகிறது. எச்சமாக வாசித்தால், அவன் படைக்கத் தொடங்கிய வேளையில் பூமி உருவற்றிருந்தது, இருளும் நீரும் இருந்தன என்று பொருள் வருகிறது. "தண்ணி முந்தியே இருந்ததா?" என்ற கேள்வி பிறக்கும் இடம் இதுதான்.

இரண்டில் ஒன்று பிழை என்று சொல்லிவிட முடியாது. 'பெரேஷீத்' என்ற முதல் எபிரேயச் சொல்லே இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி (1040–1105) எச்சமாகவே கொண்டார். நீர் எப்போது படைக்கப்பட்டது என்பதை வசனம் சொல்லவில்லை, ஆகவே படைப்பின் வரிசையைக் கூறுவது இதன் நோக்கமல்ல என்பது அவர் வாதம். அவருக்கு முன்பே தவ்ராத்தை அறபியில் பெயர்த்த யூத அறிஞர் ஸஅதியா (882–942) வேறு வழியில் போனார். அல்லாஹ் முதன்முதலாகப் படைத்தவை வானங்களும் பூமியுமே என்று பொருள்படப் பெயர்த்தார். ஆம், 'அல்லாஹ்' என்ற சொல்லையே அவர் எழுதினார்.

இக்கேள்வி நமக்கும் அந்நியமானதல்ல. வானங்களும் பூமியும் ஆறு நாட்களில் படைக்கப்பட்டதைச் சொல்லும் ஸூறா ஹூத் 7ஆம் வசனம், அல்லாஹ்வின் அர்ஷ் நீரின்மேல் இருந்ததையும் சொல்கிறது. முதலில் படைக்கப்பட்டது எது, கலமா, அர்ஷா, நீரா என்று இமாம் தபரீ தமது வரலாற்று நூலில் விரிவாக ஆராய்கிறார். வானம் பூமிக்கு முன்னே நீர் இருந்தது என்பதால் நீர் படைக்கப்படாதது என்று நாம் சொல்வதில்லை. அந்த நியாயத்தை அயலவருக்கும் கொடுக்கத்தானே வேண்டும்!

இரண்டாவது வசனத்தின் சிக்கல் 'ரூவஹ்' என்ற சொல். எபிரேயத்தில் காற்று, மூச்சு, ஆவி எல்லாம் அதுதான். அறபியில் அதே வேரிலிருந்து ரூஹ், ரீஹ் என்று இரு சொற்கள் பிரிந்தன. ஒன்று உயிர், மற்றது காற்று. ஸஅதியா காற்று என்றே பெயர்த்தார். நீர்மேல் வீசியது அல்லாஹ்வின் காற்று. தமிழில் 'ஆவி' வசதியான சொல். இடியப்பப் பானையில் எழுவதும் ஆவி, உயிரும் ஆவி.

திருவிவிலியம் 'கடவுளின் ஆவி' என்று அஃறிணையில் விட்டுவிட்டது. பவர் மொழிபெயர்ப்பிலோ 'ஆவியானவர்' என்று இருக்கிறது. எபிரேயத்தில் இங்கே ரூவஹ் பெண்பாற் சொல், அதன் வினையும் பெண்பாலிலேயே வருகிறது. 'ஆனவர்' என்பதற்கு நேரான ஒரு சொல் அங்கே கிடையாது. அந்த ஒட்டு அஃறிணையை உயர்திணை ஆக்கிவிட்டது. அதற்குப் பின்னால் நிற்பது பரிசுத்த ஆவி பற்றிய திருச்சபையின் கோட்பாடு. அது அவர்களுடைய விளக்கம், அதை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த ஒட்டைப் பிடித்து மூலத்தோடு சண்டைக்குப் போவது வீண் வேலை.

நம் வீட்டையும் பார்ப்போம். அப்துல் ஹமீத் பாகவி அவர்களின் குர்ஆன் தர்ஜுமாவில் அடைப்புக்குறிகள் நிறைய. மூலத்தில் இல்லாத விளக்கம் இது என்று அந்தக் குறி வாசகனுக்குச் சொல்லிவிடுகிறது. நாம் பயானில் வசனத்தை ஒப்புவிக்கும்போது அடைப்புக்குறி காதில் விழுவதில்லை. விளக்கமும் வசனமும் ஒன்றாகிப் போகின்றன. 'ஆனவர்' செய்த வேலையை அங்கே நம் நாக்கு செய்கிறது.

நபி மூஸா (அலை) அவர்களுக்கு தவ்ராத் அருளப்பட்டதை நாம் ஈமான் கொள்கிறோம். இன்று மக்கள் கையிலிருக்கும் நூல் அப்படியே அதுவல்ல என்பது நம் நிலைப்பாடு. அந்த நிலைப்பாடு அதை அரைகுறையாக வாசிக்க அனுமதிச் சீட்டு ஆகாது. பிறர் வேதத்தின் ஒரு வரியை எடுக்கும் முன், அதே வரியை இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால், வாதத்தை நிறுத்திவிட்டு மூலம் தெரிந்த ஒருவரிடம் போய்க் கேளுங்கள். நம் வேதத்தைப் பேச வருகிறவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.