நாமக்கல்லில் ஒரு நிலாப் பாறை!

குழந்தைகளே! நாமக்கல் என்றதும் உங்களுக்கு என்னென்ன நினைவுக்கு வரும்? கோழி முட்டை, லாரி, ஆஞ்சநேயர் கோயில்... இனி அந்தப் பட்டியலில் நிலாவையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்ற கிராமங்கள் உள்ளன. அங்கே வெளிர் நிறப் பாறை ஒன்று கிடைக்கிறது. பெயர் அனார்த்தோசைட். இது நிலாவிலிருந்து விழுந்தது அல்ல. பூமிக்குள் இருந்த பாறைக் குழம்பு ஆறி உருவானது. ஆனால், நிலாவில் வெண்மையாகத் தெரியும் மேட்டு நிலங்களும் இதே வகைப் பாறைதான்!

நிலாவில் இது எப்படி வந்தது? சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலாவின் மேற்பரப்பு பாறைக் குழம்பாகக் கொதித்தது. விதைநெல்லைத் தண்ணீரில் கொட்டினால் நல்ல நெல் அடியில் தங்கும். பதர் மிதக்கும் அல்லவா? அதுபோல, அடர்த்தி மிகுந்த கனிமங்கள் கீழே இறங்கின. அடர்த்தி குறைந்த வெளிர் நிறக் கனிமங்கள் மேலே மிதந்து, ஆறி, ஓடுபோல இறுகின.

சரி, இதனால் நமக்கு என்ன பயன்?

நிலாவில் இறங்கும் கலத்தின் கால்கள் புதையுமா? ஊர்தியின் சக்கரம் வழுக்குமா? இதையெல்லாம் இங்கேயே சோதிக்க வேண்டும். அதற்கு டன் கணக்கில் மண் வேண்டும். வெளிநாட்டில் வாங்கினால் செலவு அதிகம். அப்போதுதான் நாமக்கல் பாறை கைகொடுத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையினர் உதவினார்கள். பாறையைப் பொடியாக்கி பெங்களூருவில் நிலாத் தரையையே அமைத்தது இஸ்ரோ! இந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020இல் காப்புரிமையும் பெற்றது.

மண் கிடைத்துவிட்டது. ஈர்ப்பு விசை? நிலாவில் அது பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்குதான். சந்திரயான்-2 ஊர்தியின் எடை 27 கிலோ. நிலாவில் அது நாலரை கிலோ போலத்தான் அழுத்தும். அதனால் ஹீலியம் பலூன்களைக் கட்டி, மேலே தூக்கிப் பிடித்து ஓட்டிப் பார்த்தார்கள். எளிய யோசனைதானே!

2019 செப்டம்பர் 7 அன்று வேகத்தைக் குறைப்பதில் ஏற்பட்ட கோளாறால் சந்திரயான்-2 தரையிறங்கு கலம் நிலாவில் மோதியது. விஞ்ஞானிகள் துவளவில்லை. கால்களை வலுவாக்கி, மீண்டும் மீண்டும் சோதித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது!

அதிலிருந்து இறங்கிய பிரக்யான் ஊர்தி 23 இடங்களில் மண்ணை ஆராய்ந்தது. முடிவு 2024இல் வெளியானது. அங்குள்ள மண்ணும் அனார்த்தோசைட் வகையே! ‘பதர் மிதந்த’ கதைக்கு, நிலாவின் தென்துருவப் பக்கத்திலிருந்தும் சான்று கிடைத்துவிட்டது.

அடுத்த பௌர்ணமி அன்று மொட்டைமாடிக்குச் செல்லுங்கள். பாட்டி வடை சுடுவதாகச் சொல்லும் கறுப்புத் திட்டுகள், பின்னாளில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. சுற்றிலும் பளிச்சென்று தெரிவது, நம் சித்தம்பூண்டிப் பாறையின் உறவுக்காரர். தம்பி, தங்கைக்கும் காட்டுங்கள்!