பழைய காரும் புதிய மூளையும்

மாரி காலத்து இரவு. மணி எட்டரை இருக்கும். இழுப்பு நோயால் மூச்சு முட்டிய அன்னையாரைப் பின்னாசனத்தில் இருத்திக்கொண்டு, அச்சுவேலியிலிருந்து மந்திகையிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குக் காரில் விரைந்துகொண்டிருந்தோம். வல்லை வெளியின் நடுவே வந்ததும் கார் இருமுறை குலுங்கியது. பின்னர் ஓசையின்றி நின்றுவிட்டது. இருபுறமும் நீர் நிறைந்த வெளி. வீடும் இல்லை, விளக்கும் இல்லை.

திறப்பைத் திருகினால் எஞ்சின் சுழன்றது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. முன்பலகையில் எஞ்சின் படம் பொறித்த செம்மஞ்சள் விளக்கு ஒன்று உண்டல்லவா? அது எரியவேயில்லை. "எச்சரிக்கை விளக்கு எரியாதபடியால் பெரும்பிழை ஏதும் இராது" என்று நமக்கு நாமே தேறுதல் கூறிக்கொண்டோம். அஃது எத்துணைப் பேதைமை என்பது பின்னரே விளங்கியது.

நெல்லியடிப் பக்கம் சென்ற முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் இரங்கி அன்னையாரை ஏற்றிச் சென்றார். உரிய வேளையில் மருந்து கிடைத்தது, உயிர் தப்பியது. மறுநாட் காலை வல்லைக்குச் சென்று திறப்பைத் திருகியபோது, ஒன்றுமே நடவாதது போல் அந்தக் கார் உடனே இயங்கிற்று! ஆறினால் ஓடும், சூடேறினால் நிற்கும். இதுவே அதன் நோய்.

மூளை வந்த வரலாறு

எமது கார் யப்பானில் 1990களின் நடுப்பகுதியில் செய்யப்பட்டது. அதன் முன்பலகைக்குக் கீழே, ஒரு கொப்பிப் புத்தகத்தின் அளவில், தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதுவே எஞ்சினை ஆளும் கணினி. நீர் எவ்வளவு சூடு, உட்புகும் காற்று எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு வேகத்திற் சுழல்கிறது என்பவற்றை உணரிகள் அதற்கு அறிவிக்கும். எவ்வளவு பெற்றோல் தெளிப்பது, எக்கணத்தில் தீப்பொறி இடுவது என்பதை அது தீர்மானிக்கும்.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், ஒவ்வோர் உருளையிலும் இரு சுற்றுக்கு ஒரு முறை தீப்பொறி வேண்டும். ஆகவே விநாடிக்கு 100 தீப்பொறிகள்! பெற்றோல் தெளிக்கும் ஊசி ஒவ்வொரு முறையும் திறந்திருப்பது விநாடியின் ஆயிரத்திலொரு பங்குகள் சிலவே.

அமெரிக்காவில் 1970இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டம், காரின் புகையிலுள்ள நஞ்சைக் குறைக்குமாறு உற்பத்தியாளரை நெருக்கியது. பழைய காபரேற்றரால் அத்துணை நுட்பமாக எரிபொருளை அளந்து கொடுக்க இயலவில்லை. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1979இல், பெற்றோலையும் தீப்பொறியையும் ஒரே கணினியால் ஆளும் முறையை பி.எம்.டபிள்யூ. கார் ஒன்றிற் பொருத்தியது. அதன்பின் இப்பெட்டி உலகெங்கும் பரவிற்று.

மண்ணெண்ணெய்க் காலம்

நாம் சிறுவராய் இருந்த காலத்தில் இத்தகைய மூளை இல்லாத கார்களே எம்மூரைக் காத்தன. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகிய பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது; ஆதலால் சிறிதளவு பெற்றோலை விட்டு இயக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பின்னால் வெண்புகை எழும், கண் எரியும், எனினும் நோயாளி வைத்தியசாலை போய்ச் சேருவார்.

எமது காரில் அவ்வித்தை பலியாது. அப்படியாயின் அதை விற்றுவிட்டுப் புதிதொன்று வாங்கலாகாதா என்று சிலர் வினவினர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. திறந்தபின்னும் வரியோடு கூடிய விலை ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டுவதாயில்லை. உள்ளதைத் திருத்துவதே வழி.

அவசரத்தின் விலை

முதலில் பார்த்த திருத்துநர், "கணினி போய்விட்டது" என்றார். நாமும் மேற்கொண்டு ஆராயாமல், காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லிக் கொழும்பிலிருந்து பழைய பெட்டியொன்றை வருவித்தோம். தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல் இரண்டும் ஒத்திருந்தன; செருகியும் கார் இயங்கவில்லை. வந்தது தானியங்கிக் கியர் காருக்கு உரியது; எமதோ கையாற் கியர் மாற்றுவது. குற்றம் எம்முடையதே. பெட்டியின் மேல் ஒட்டப்பட்டுள்ள இலக்கத்தை நாம் படித்துச் சொல்லவில்லை.

அந்த இலக்கமே இதில் முதன்மையானது. டொயோட்டா கார்களாயின் அது 89661 எனத் தொடங்கும். ஆனால் தொடக்கம் ஒத்திருந்தால் மட்டும் போதாது, பின்வருவனவும் ஒத்திருத்தல் வேண்டும். திறப்பினுள்ளே இரகசியக் குறி பதித்த பிற்காலக் கார்களில் வேறொரு தொல்லையும் உண்டு: திறப்பையும் பெட்டியையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைக்காவிடில் கார் இயங்காது.

கொன்றது யார்?

பின்னர் அச்சுவேலியிலேயே, மண்ணெண்ணெய்க் காலத்தில் ஏ-40 கார்களைப் பழுதுபார்த்துத் தேர்ந்த முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் பெட்டியைத் தொடவேயில்லை. முதலிற் பற்றரியை அளந்தார்; 12.5 வோல்ற்று இருந்தது. எஞ்சினோடு பொருந்தும் ஏர்த் கம்பியின் துருவைச் சுரண்டினார். பியூசையும் ரிலேயையும் சோதித்தார். கணினிக்கு மின் ஒழுங்காக வந்தது. ஆனால் கணினி உணரிகளுக்குக் கொடுக்கவேண்டிய 5 வோல்ற்று மின் வரவில்லை. உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தும் அது மீளவில்லை. அதன் பின்னரே பெட்டியைத் திறந்தார்.

உள்ளே அழுகிய மீன் நாற்றம்! சிறு உருளைகள் போன்ற மின்தேக்கிகள் மூன்று கசிந்திருந்தன. இவற்றுள் மின்பாயும் திரவம் உண்டு. இருபது முப்பது ஆண்டு வெப்பத்தில் மூடி தளர்ந்து அது கசியும். பலகையிலுள்ள செப்புக் கோடுகளை அரிக்கும். அக்காலத்துக் கணினிகள் பலவற்றுக்கும் இது பொதுவான முதுமை நோய்.

"அண்ணை, அப்ப புதுப்பெட்டி ஒண்டு எடுப்பமோ?" என்றோம்.

"பொறுங்கோ மாஸ்ரர். பெட்டி செத்தது உண்மைதான். ஆனால் கொண்டது ஆர் எண்டு பாக்காமல் புதுசு போட்டால் அதுவும் சாகும்" என்றார்.

அவர் சொல் பொய்க்கவில்லை. எஞ்சின் மெல்ல ஓடும்போது காற்றை அளந்துவிடும் வால்வின் சுருள் உள்ளே ஒட்டிப்போய், அளவுக்கு மிஞ்சிய மின்னை இழுத்துக்கொண்டிருந்தது. அதனை ஓட்டும் சிற்றுறுப்பும் பெட்டியினுள்ளே கருகியிருந்தது. வால்வை மாற்றாது பெட்டியை மட்டும் மாற்றியிருந்தால், இன்னொரு மாரி இரவில் இன்னொரு வல்லை வெளி எமக்குக் காத்திருந்திருக்கும்.

மாற்றும் முறை

இம்முறை முழு இலக்கத்தையும் எழுதிக்கொடுத்துச் சரியான பெட்டியைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து பெற்றோம். முதலில் வால்வு மாற்றப்பட்டது. பின் பற்றரியின் எதிர்முனை கழற்றப்பட்டது. மின் இருக்கும்போது கணினியின் செருகிகளைக் கழற்றலாகாது. உடலில் தங்கும் நிலைமின்னும் அதற்குப் பகையாதலால், பெரியவர் காரின் வெறும் இரும்பைத் தொட்டபின்னரே பெட்டியைக் கையிலெடுத்தார். பூட்டி முடிந்ததும் பத்து நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டார். முதற் சில நாட்கள் ஓட்டத்திற் சிறு தடுமாற்றம் இருக்கலாம். கணினி அந்த எஞ்சினின் குணத்தை மெல்லப் பழகிக்கொள்ளும்.

பழைய பெட்டியை நாம் எறிந்துவிடவில்லை. மின்னியல் கற்ற எமது பழைய மாணவர் ஒருவர் மின்தேக்கிகளையும் கருகிய உறுப்பையும் மாற்றி, அரித்த கோடுகளுக்கு மெல்லிய கம்பி ஒட்டித் தந்தார். அதுவும் இப்பொழுது இயங்குகின்றது. அலுமாரியில் காவலுக்கு இருக்கின்றது. அதற்கு அவர் பெற்ற கூலி, நாம் பிழையாக வாங்கிய பெட்டியின் விலையிற் பத்திலொன்றும் ஆகாது.

இனி, அந்த விளக்கின் கதை. திறப்பைத் திருகியவுடன் அது எரியவேண்டும். எஞ்சின் இயங்கியதும் அணையவேண்டும். கணினி உயிரோடிருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. எரியாத விளக்கு நலத்தின் அடையாளமன்று. எரியச் சொல்வதற்கே ஆளில்லை என்பதன் அடையாளம். பௌதிகம் படிப்பிக்கும் நாமே இதை உணராதிருந்தோம் என்பதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. எனினும், வாசகர்களுள் ஒருவராவது இதனைப் படித்து நாளைக் காலை தம் காரின் விளக்கைப் பார்த்துக்கொள்வாராயின் அவ்வெட்கம் வீண்போகாது.

எமது அன்னையார் இப்போது நலமாக உள்ளார். மாதந்தோறும் மந்திகைக்குப் புறப்படுகையில், பின்னாசனத்தில் அமர்ந்தவாறே அவர் தவறாமற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு:

"தம்பி, விளக்கு எரிஞ்சு நூந்ததோ?"